சத்தம் பிறக்கும் இடம்

வைகாசி மாதத்து நடுப்பகல் ஒன்றில் சுவருக்குள் ஒரு குழந்தை அழுதது.

கொல்லையில் கைப்பம்பை அடித்து மாடித் தொட்டியை நிரப்பிவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்த வேலைக்காரன் அமாவாசை அதைக் கேட்டான். சமையல்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த சமையல்காரி கலியம்மாள் கேட்டாள். கூடத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஜெகதாம்பாளும் கேட்டாள். முதலில் மெல்லிய ஒரு கீச்சொலி எழுந்தது. அது இழுபட்டு முனகலாயிற்று. பிறகு பாயில் கிடக்கும் குழந்தை குதிகாலை உதைப்பதுபோல் நான்கைந்து அடி. மறுபடியும் முனகல்.

உள் அறையின் கதவு திறந்தது. நான்கு மாதமாகக் கூப்பிட்டாலொழிய வெளியே வராத ஜெயலட்சுமி வாசற்படியில் நின்றாள்.

"பசிக்குது அவனுக்கு" என்றாள்.

கலியம்மாள் களைந்த அரிசியைப் பாத்திரத்தோடு கீழே வைத்துவிட்டாள்.

அரியலூரில் அப்போது வீட்டுக்குள் குழாய் வைத்திருந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. புது இரும்பு கண்ணில் படாது. ஜெகதாம்பாளின் புருஷன் கிருஷ்ணமூர்த்திப் பிள்ளை விடவில்லை. திருச்சியில் ஒரு பழைய பங்களாவை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், அதன் குழாய்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். லப்பைக்குடிக்காட்டு சைபுல்லாவைக் கூட்டிவந்து பொருத்தினார். சைபுல்லா ரங்கூனில் பதினைந்து வருஷம் பைப் வேலை பார்த்தவர். குண்டு விழுந்தபோது பாதி வழி நடந்தும் பாதி வழி கப்பலிலுமாக ஊர் வந்து சேர்ந்தவர். மாடித் தொட்டியிலிருந்து இறங்கிய குழாய் உள் அறைச் சுவரை ஒட்டி வந்து, சமையல்கட்டில் ஒரு பித்தளைத் திருகில் முடிந்தது. உறவுக்காரர் யார் வந்தாலும் பிள்ளை அவர்களை நேரே அங்கேதான் கூட்டிப்போவார். திருகைத் திறந்து காட்டுவார். மூடிக் காட்டுவார்.

ஆகவே அழுகை கேட்ட அன்று கலியம்மாள் பழியைப் பங்களாவின் மேல் போட்டாள்.

"அந்த வூட்டுல எவளோ வெள்ளைக்காரி செத்திருப்பாம்மா. கொழாயோட கொழாயா கூடவே வந்துட்டா."

"வெள்ளைக்காரி அழுதா இங்கிலீஷ்ல இல்ல அழுவா?" என்றான் அமாவாசை, கொல்லைப் பக்கத்திலிருந்து. "இது நம்ம ஊரு அழுகை."

"நீ பம்பை அடிக்கிறதோட நிறுத்திக்க. பேய்க்குப் பாஷை பாக்க வந்துட்டான்."

சிரிப்பு வரவேண்டிய பேச்சு. ஜெகதாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஜெயலட்சுமியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் தை மாதத்துக்குப் பிறகு முதல்தடவையாக ஓர் ஒளி இருந்தது.

ஜெயலட்சுமியை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவளே ஜெகதாம்பாள்தான். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் வயிறு திறக்காமல் போனபின், புருஷன் தானாக ஒருத்தியைத் தேடிக்கொள்வதற்கு முன் நாமே தேடிவிட்டால் நம் கை ஓங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டாள். அரும்பாவூரில் தாயில்லாப் பெண் ஒருத்தி இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தாள். பதினேழு வயது, நிமிர்ந்து பேசத் தெரியாத சுபாவம். அதுதான் பிடித்திருந்தது. தன் கையாலேயே கூறைப்புடவை எடுத்துக் கொடுத்து, தன் கையாலேயே தலை பின்னி மணையில் உட்கார்த்தினாள். ஊர் அவளைத் தெய்வம் என்றது. தெய்வமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த ராத்திரிகளில் கூடத்தில் தனியாகப் படுத்தவளுக்குத்தான் தெரியும்.

தையில் ஆண்குழந்தை பிறந்தது. பதினோராம் நாள், பெயர் வைப்பதற்கு முன்னாலேயே, செத்துப்போயிற்று. ஜெகதாம்பாள் தரையில் புரண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே, அடியில் எங்கோ ஒன்று, வெகுநாளாக உறுமிக்கொண்டிருந்த நாய் சுருண்டு படுப்பதுபோல், அமைதியாகப் படுத்தது. அவள் அதை உணர்ந்தாள். பயந்துபோய் இன்னும் உரக்க அழுதாள்.

வைகாசி முழுக்க உச்சிவேளை தோறும் அழுகை கேட்டது. அமாவாசை தொட்டியை நிரப்பியதும் தொடங்கும். ஒரு நாழிகை, சில நாள் அதற்கும் மேல். ஜெயலட்சுமி அந்த நேரத்துக்குத் தலைவாரிக் காத்திருப்பாள். சத்தம் வந்ததும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து குழாயைத் தட்டிக்கொடுப்பாள். ஓய்ந்ததும் வந்து சாப்பிடுவாள். உண்மையைச் சொன்னால், அவள் அந்த மாதத்தில்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

உடையார்பாளையத்துப் பெரியப்பா மகன் பஞ்சநாதன் வந்திருந்த சனிக்கிழமைதான் எல்லாம் கெட்டது. பிள்ளை அவரைக் குழாய் காட்டக் கூட்டிவந்தார். மாடியிலிருந்து இறங்கும் வழியைக் காட்டலாமென்று உள் அறைக் கதவைத் தள்ளினார். ஜெயலட்சுமி ரவிக்கையை அவிழ்த்து, மாரை இரும்பில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

பஞ்சநாதன் சாப்பிடாமலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார். சாயந்திரம் பிள்ளை ஜெகதாம்பாளிடம் சொன்னார்:

"திருமழபாடிக்கு அந்தண்டை, கொள்ளிடக் கரையில ஒரு மடம் இருக்கு. பேய் பிடிச்சது, புத்தி கலங்கினது எல்லாத்தையும் அங்க வச்சுப் பாக்குறாங்க. ஆள் அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமை வண்டி."

"சங்கிலி போடுவாங்கன்னு சொல்லுவாங்களே."

"போட்டாத்தான் தெளியும்."

"எத்தனை நாளைக்குங்க?"

"தெளியிற வரைக்கும்" என்றார் அவர். கொஞ்சம் கழித்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "ராத்திரிக்கு எனக்கும் கூடத்துலயே பாய் போட்டுடு, ஜெகதா" என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு.

செவ்வாய்க்கிழமை சஷ்டி. பிள்ளை ஒரு வழக்கு விஷயமாகப் பெரம்பலூருக்குப் போயிருந்தார். சத்தத்தைப் பற்றி எப்போதோ அவர் எழுதிப்போட்ட கடிதத்துக்கு அன்றைக்குத்தான் சைபுல்லா வந்து நின்றார். நரைத்த தாடி, தோளில் ஒரு சாக்குப்பை.

"ஐயா இல்லிங்களா?"

"பெரம்பலூர் போயிருக்காங்க, பாய். நீங்க பாருங்க."

அமாவாசை தொட்டியை நிரப்பி முடித்திருந்தான். அழுகை தொடங்கிவிட்டிருந்தது. கலியம்மாள் ஜெயலட்சுமியைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போய்த் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். சைபுல்லா சாக்குப்பையிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை எடுத்தார். ஒரு முனையைக் குழாயில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தார். வைத்தியர் நாடி பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

"முதல்ல சுண்ணாம்புன்னு நினைச்சேம்மா. உங்க ஊருத் தண்ணிக்கு ஒரு வருஷத்துல பைப்புக்குள்ள வெள்ளையா அப்பிக்கும். ஆனா இது அது இல்ல."

மாடிக்குப் போனார், குச்சியை வைத்தார். இறங்கிவந்து உள் அறையில் நான்கு இடத்தில் வைத்தார். சுவரில் குழாயைப் பிடித்திருந்த ஆணி ஒன்று கழன்று, குழாய் உத்தரக் கட்டையைத் தொட்டுக்கொண்டிருப்பதைக் காட்டினார்.

"இந்த எடத்துல தட்டுது. அதான் இங்க பெருசாக் கேக்குது. மரம் சத்தத்தை வாங்கிப் பேசும்மா, நாதஸ்வரத்துக்கு அடியில விரிஞ்ச அணசு மாதிரி. ஆனா சத்தம் பொறக்குற எடம் ஒண்ணு, கேக்குற எடம் ஒண்ணு. பொறக்குற எடம் இங்க இல்ல."

சமையல்கட்டுக்கு வந்தார். குச்சியைப் பித்தளைத் திருகில் வைத்த மறுகணம் காதை வெடுக்கென்று எடுத்தார்.

"இந்தா இருக்கு."

திருகை விரலளவு திறந்தார். அழுகை நின்றது. மெல்ல மூடினார். கீச்சென்று தொடங்கியது. மறுபடி திறந்தார். நின்றது. அவர் திருகைக் கழற்றுவதற்கு முன்பே, உள்ளே என்ன இருக்கிறதென்று ஜெகதாம்பாளுக்குத் தெரியும்.

சைபுல்லா மாடிக்குப் போய்த் தொட்டியின் வாயை அடைத்துவிட்டு வந்து திருகைக் கழற்றினார். உள்ளங்கையில் தட்டினார். வழவழவென்று தேய்க்கப்பட்ட கொட்டாங்கச்சி வில்லை ஒன்று விழுந்தது.

"நான் தோல் வில்லை போட்டிருந்தேனே."

ஜெகதாம்பாள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"தோல் மெத்துனு உக்காந்து வாயை அடைக்கும்மா. இது கட்டை. சரியா உக்காராது. தொட்டி ரொம்பி மேலேருந்து தண்ணி அமுக்குறப்ப, இடுக்குல பூந்து வர்ற தண்ணி இதைத் துள்ள வைக்குது. துள்ளுறப்ப கத்துது. தொட்டி கொறைஞ்சா அமுக்கம் கொறைஞ்சுடும், அடங்கிடும். யாரு போட்டாங்க?"

"நான்தான் போடச் சொன்னேன், பாய்."

சைவ வீடு. தோல் தொட்ட தண்ணீரில் சஷ்டி விரதத்துக்குப் பொங்குவதெப்படி? பிள்ளையிடம் சொன்னபோது, 'ரங்கூனில் கோயிலுக்கே இதுதானாம், உன் ஆசாரத்தைக் கொண்டுபோய்க் கிணத்துல போடு' என்றார். யாரும் திருகைத் தொடக்கூடாதென்று உத்தரவும் போட்டார். சித்திரைக் கடைசியில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வந்த அரியமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டு, தோலை எடுத்துவிட்டுச் சுத்தமான ஏதாவது ஒன்றை வைக்கச் சொன்னாள். தேங்காயைவிடச் சுத்தம் எது? அவன்தான் கொட்டாங்கச்சியைத் தேய்த்து வைத்துக்கொடுத்தான். அந்த விரதமெல்லாம் எதற்காக என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. முப்பத்துநான்கு வயதிலும் அவள் தனக்கென்று ஒரு குழந்தை கேட்பதை நிறுத்தவில்லை என்பது முருகனுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

சைபுல்லாவுக்கு அவள் முகம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அதட்டவில்லை.

"என் வூட்டுல ஷரீபாவும் இப்படித்தான், ஒண்ணைச் சுத்தம்னு நினைச்சுட்டா விடமாட்டா. பரவால்லம்மா. தோல் கையிலயே இருக்கு. இப்பவே போட்டுட்டு ஆணியையும் அடிச்சுட்டா, அல்லா காவல், இனிமே ஒரு முனகல் வராது. ஐயாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. போட்டுடவா?"

கொல்லையிலிருந்து ஜெயலட்சுமியின் குரல் கேட்டது. "சீக்கிரம் பின்னுங்க கலியம்மா, அவன் நிறுத்திட்டான், தூங்கிட்டான்போல."

"இன்னைக்கு சஷ்டி, பாய்" என்றாள் ஜெகதாம்பாள். "தோலு வேணாம். அதையே வச்சு மூடிட்டுப் போங்க. சனிக்கிழமை வாங்க."

சொன்னபின்தான் அந்த வார்த்தை அவள் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை வண்டி. சனிக்கிழமை வாங்க. யோசித்துச் சொல்லவில்லை, யோசிக்காமல் சொன்னது என்பதுதான் அவளைக் கலக்கியது. எத்தனை நாளாக அந்த வார்த்தை உள்ளே தயாராக இருந்தது?

அன்று இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளை கேட்டார். "பாய் வந்தானாமே. என்ன சொன்னான்?"

"கொழாயில ஒண்ணும் இல்லையாம்" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "என் கொழாயில என்ன இருக்கப்போவுது?"

புதன்கிழமை உச்சியில் அழுகை தொடங்கியது. ஜெகதாம்பாள் திருகுக்கு எதிரில் போய் நின்றாள். விரலளவு திறந்தால் போதும். கையை நீட்டினாள். பித்தளையின் குளிர்ச்சிவரை போன கை திரும்பி வந்துவிட்டது. சங்கிலியை நினைத்துப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கணுக்கால் மெலிந்தது; தானே நலுங்கு வைத்த கால். இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததில் ஒரு நிம்மதியும் வந்தது, நாம் அவ்வளவு கெட்டவளில்லை என்று. அந்த நிம்மதியோடு திரும்பிவந்து உட்கார்ந்து பூத்தொடுத்தாள். உள்ளே ஜெயலட்சுமி குழாயைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை உச்சிக்குச் சற்று முன் ஜெயலட்சுமி அவளை உள் அறைக்குக் கூப்பிட்டாள். பாயின் மேல் இரண்டு புடவைகளும் ஒரு சீப்பும் மூட்டைக்குத் தயாராக இருந்தன. அவற்றின் பக்கத்தில், பழைய வேட்டியைக் கிழித்து மடித்த சின்னச் சின்னத் துணிகள்.

"நாளைக்கு என்னை மடத்துக்கு அனுப்புறாங்களாம், அக்கா. கலியம்மா சொன்னாங்க."

"ம்."

"நான் போவமாட்டேன்னு சொல்லல. ஆனா இவனை எடுத்துட்டுப் போக முடியாதுல்ல." குழாயைத் தொட்டாள். "அதான் உங்ககிட்ட சொல்லிட்டுப் போவலாம்னு. உச்சியில மட்டும்தான் அழுவான். வேற ஒண்ணும் செய்ய வேணாம். பக்கத்துல உக்காந்தா போதும். கொஞ்சம் கொஞ்சமா அடங்கிடுவான். நீங்க பாத்துப்பீங்கள்ல?"

மடித்த துணிகளை எடுத்து ஜெகதாம்பாளின் மடியில் வைத்தாள்.

பத்தொன்பது வருஷமாக அவள் வேண்டியதெல்லாம் யாராவது ஒரு குழந்தையைத் தன் மடியில் வைக்க வேண்டுமென்பதைத்தான். இப்போது மடியில் துணி இருந்தது. சுவருக்குள் கீச்சொலி தொடங்கியது. ஜெயலட்சுமியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, பேரு சொன்னாப்பல!"

ஜெகதாம்பாளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள்.

"இதைப் பாரு, ஜெயா."

திறந்தாள். அழுகை நின்றது. மூடினாள். அழுதது. எல்லாவற்றையும் சொன்னாள். தோலை, அரியமுத்துவை, கொட்டாங்கச்சியை, சைபுல்லா குச்சி வைத்துப் பார்த்ததை. சனிக்கிழமையையும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் பாரம் இறங்குவதை உணர்ந்தாள். எதிரில் நிற்பவளின் மேல் அது ஏறுவதை அப்போது அவள் கவனிக்கவில்லை.

ஜெயலட்சுமி கோபப்படவில்லை. தானே திருகைப் பிடித்துத் திறந்தாள். மூடினாள். திறந்தாள். மூடினாள். இதை வெகுநேரம் செய்தாள். ஒவ்வொரு தடவையும் தலையைச் சாய்த்துக் கேட்டாள். கடைசியில் கையை எடுத்துவிட்டு, ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்ப அவன் எங்கக்கா?"

அன்று ஜெயலட்சுமி சாப்பிடவில்லை. உள் அறைக்கும் போகவில்லை. கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவள் விடியும்வரை அப்படியே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் வண்டி வந்து நின்றது. ஜெகதாம்பாள் புருஷனின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பாமல் சமையல்கட்டுக்குப் போய்த் திருகைத் தானே கழற்றிப் பார்த்தார். அடைக்காத தண்ணீர் பீறிட்டு மேலெல்லாம் நனைந்தது. நனைந்தபடி வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து அவளை ஓர் அறை அறைந்தார்.

"என் கொழாயைக் கெடுத்தவ நீதானா?"

"அடிங்க. அவளை மட்டும் அனுப்பாதீங்க. அவளுக்குப் புத்தி சரியாத்தான் இருக்கு. அழுகை கேட்டுச்சு, தாயி போய் உக்காந்தா. எந்தத் தாயும் அதைத்தான் செய்வா."

"சத்தம் கொட்டாங்கச்சியால. சரி. மாரைத் திறந்து இரும்புல வச்சாளே, அதுவும் கொட்டாங்கச்சியாலயா? உடையார்பாளையம் பூரா பேச்சாயிடுச்சு. இப்ப போய், பேய் இல்ல, தேங்காச் சிரட்டைன்னு நான் வூடு வூடாச் சொல்லிட்டு வரவா?"

"நான் சொல்றேன். நான் போய் ஒவ்வொரு வூட்டுலயும் சொல்றேங்க."

அவர் யோசித்தார். அந்த ஒரு கணம் அவர் மனசு இளகியதை அவள் பார்த்தாள். 'சரி, வண்டியைத் திருப்பு' என்று அவர் சொல்லிவிடுவார் என்றே நினைத்தாள். வாசலில் மாட்டின் மணிச்சத்தம் கேட்டுத் திரும்பினார்கள். ஜெயலட்சுமி மூட்டையோடு வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

ஜெகதாம்பாள் ஓடினாள். "இறங்கு ஜெயா. அவங்களும் விட்டுட்டாங்க. போவ வேணாம்."

"நான் போறேங்கா."

"அங்க சங்கிலி போடுவாங்கடி."

"இந்த வூட்டுல நான் என்ன பண்ணுறது? சுவரு சும்மா இருக்கு." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, வழி கேட்பவளின் குரல்தான். "அங்க நெறைய பேரு அழுவாங்களாம். ராப்பகலா அழுவாங்களாம். கலியம்மா சொன்னாங்க. அத்தனை பேரு அழுறதுல ஒரு குரலாவது அவனோடதா இருக்காதா?"

பிள்ளை வாசலில் நின்று இதைக் கேட்டார். அவர் முகத்தில் இளகியிருந்தது இறுகியது. இறுகியதில் ஓர் ஆறுதலும் இருந்தது.

"கேட்டுக்க. புத்தி சரியா இருக்குன்னியே" என்றார். வண்டிக்காரனிடம், "ஓட்டு" என்றார்.

ஜெகதாம்பாள் வண்டியில் ஏறினாள். மாற்றுப்புடவை எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை, "நீ எங்க போற? வூட்டை யாரு பாக்குறது?" என்று கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வழியெல்லாம் வெயில். வெள்ளை மண் புழுதியாகக் கிளம்பிக் கண்ணில் விழுந்தது. ஒரு சாவடியில் மாட்டை அவிழ்த்தபோது மோர் வாங்கிக் கொடுத்தாள். ஜெயலட்சுமி வாங்கிக் குடித்தாள். பிறகு தலையை ஜெகதாம்பாளின் தோளில் சாய்த்துத் தூங்கினாள். அந்தக் கனம் தோளை அழுத்தியது. இதை இறக்கி வைக்க இனி தனக்கு இடம் கிடையாது என்று ஜெகதாம்பாள் நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாயும்போது கொள்ளிடக் கரை வந்தது. மடத்தின் மண்சுவரை நெருங்குமுன்பே குரல்கள் கேட்டன. யாரோ பாடினார்கள், யாரோ சபித்தார்கள், யாரோ விடாமல் ஒரே எழுத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெயலட்சுமி விழித்து நிமிர்ந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

வாசலில் ஓர் ஆள் வந்தான். இடுப்பில் சாவிக்கொத்து. வண்டியிலிருந்து இறங்கிய இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். ஒருத்தி தலைவாரிப் பொட்டு வைத்திருந்தாள். இன்னொருத்தி தலை கலைந்து, கன்னம் வீங்கி, செருப்பில்லாமல் நின்றாள்.

"அரியலூர்லேருந்து ஒரு பொம்பளைன்னுதானே சொன்னாங்க? ரெண்டு பேருல யாரு?"

அந்த ஆள் ஜெகதாம்பாளையே பார்த்தபடி, முடிவு செய்துவிட்டவன்போல ஓர் எட்டு அவள் பக்கம் வைத்தான். அவள் விலகவில்லை.

"அவங்க இல்லிங்க" என்றாள் ஜெயலட்சுமி, பணிவாக. "அவங்க எங்க அக்கா. நான்தான்."

மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் உள்ளே நடந்தாள்.